பன்னிருவர்: வீடும் அழைப்பும்

இயேசுவின் பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவரான பேதுரு மணமானவர். இதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பழைய சான்றுகள் உள்ளன. கி.பி. 54, 55 வாக்கில் கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் அவற்றில் மூத்தது. மற்ற அப்போஸ்தலரும் ஆண்டவரின் சகோதரரும் கேபாவும் மனைவியைப் பயணத்தில் கூட்டிச்செல்கிறார்களே, அந்த உரிமை எங்களுக்கு மட்டும் கிடையாதா என்று அதில் அவர் கேட்கிறார். கேபா என்று அவர் குறிப்பிடுவது பேதுருவைத்தான். அடுத்த சான்று, பெரும்பாலான ஆய்வாளர் கி.பி. 70-ஐ ஒட்டி வைக்கும் மாற்கு நற்செய்தி. கப்பர்நகூமில் காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமியாரை இயேசு குணமாக்கியதையும், அவர் எழுந்து வந்தவர்களை உபசரித்ததையும் அது சொல்கிறது.

பவுல் இதை ஒரு பணவிவகாரத்தின் நடுவே சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் ஊராகப் போகிற தூதரையும் அவர் மனைவியையும் சபை தாங்கவேண்டுமா என்பதுதான் அங்கே பேச்சு. அப்போஸ்தலருக்குக் குடும்பம் உண்டு என்பதை அவர் நிறுவ முயலவில்லை. கொரிந்தியருக்கு அது தெரிந்த சங்கதி என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் தன் வாதத்தைக் கட்டுகிறார். போகிறபோக்கில் சொல்லப்பட்ட இத்தகைய செய்தியே வரலாற்றுக்கு மிகவும் பயன்படும். ஆனால் கோயில் சுவர்களிலும் வண்ணக் கண்ணாடிகளிலும் அப்போஸ்தலர் தனியாட்களாகவே நிற்கிறார்கள். கையில் சாவியோ வாளோ புத்தகமோ இருக்கும். பக்கத்தில் மனைவியோ மாமியாரோ அண்ணன் தம்பியோ இருப்பதில்லை. பழைய ஏடுகளை மறுபடி படிக்கையில் எனக்குத் தெரிவது வேறு. இயேசுவின் அழைப்பு வீடு, தொழில், ஊர் என்ற பழைய இழைகளைப் பிடித்துக்கொண்டே பரவியது. அந்த இழைகளை அறுத்தது பின்னால் எழுந்த மரபு.

முதலில் அவர்கள் வாழ்ந்த ஏரிக்கரை. கலிலேயாக் கடல் என்று வழங்கினாலும் அது 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி. கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது. 1986-இல் வறட்சியால் நீர் உள்வாங்கியபோது, கினோசர் அருகே சேற்றில் புதைந்திருந்த ஒரு மரப்படகு வெளிப்பட்டது. முதல் நூற்றாண்டை ஒட்டியது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், இரண்டேகால் மீட்டருக்கு மேல் அகலம். கிடைத்த மரத்தையெல்லாம் ஒட்டுப்போட்டு, பலமுறை பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறார்கள். ஒற்றை ஆள் செலுத்துகிற படகல்ல. நாலைந்து பேராவது வேண்டும். பேதுருவின் வீட்டையும் செபெதேயுவின் வீட்டையும் இந்தப் படகை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நினைக்கவேண்டும்.

செபெதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகில் விட்டுப் போனபோது, கூடவே கூலியாட்களும் இருந்தார்கள் என்கிறார் மாற்கு. லூக்கா இன்னும் ஒரு படி போய், அவர்கள் சீமோன் என்ற பேதுருவின் தொழில் கூட்டாளிகள் என்கிறார். கூலியாள் வைத்துக்கொள்ளும் வீடு, இரு குடும்பங்களின் கூட்டுத்தொழில், சொந்தப் படகு, வலை. அன்றாடங்காய்ச்சிகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. செல்வர்களும் அல்ல. உழைத்து நிமிர்ந்த, வரி கட்டிச் சலித்த நடுத்தரக் குடும்பங்கள் என்பது பொருந்தும்.

வரி என்றதும் இயேசு அழைத்த ஆயக்காரர் லேவி வருகிறார். கலிலேயா அப்போது நேரடி ரோம ஆட்சியில் இல்லை; ஏரோது அந்திப்பா ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய நாட்டுக்கும் அவர் சகோதரர் பிலிப்புவின் நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைக்குப் பக்கத்தில் கப்பர்நகூம் இருந்தது. எல்லையூருக்கு ஆயத்துறை வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த லேவி, ரோமைவிட அந்திப்பாவுக்கே சுங்கம் வாங்கியிருப்பார். 1,000 முதல் 1,500 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் ஊரில், மீன் பிடிப்பவரும் சுங்கம் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. நல்ல முகத்தோடு அறிந்திருப்பார்கள் என்றும் எண்ண முடியவில்லை. அந்த ஆயக்காரரோடு ஒரே பந்தியில் உட்காரும்படி சீமோனும் அவர் சகோதரர் அந்திரேயாவும் அழைக்கப்பட்டார்கள். பன்னிருவரைத் தேர்ந்ததில் இருந்த துணிவு எனக்கு இங்கேதான் முதலில் தெரிகிறது. தூரதேசத்து அந்நியனை ஏற்பதைவிட, தினம் சுங்கம் கேட்ட பக்கத்துத் தெருக்காரனை ஏற்பது கடினம்.

1968 முதல் பிரான்சிஸ்கன் துறவியரான விர்ஜிலியோ கோர்போவும் ஸ்தனிஸ்லாவோ லொஃப்ரேதாவும் கப்பர்நகூமில் அகழாய்ந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் எண்கோண ஆலயத்துக்கு அடியில் கருங்கல் வீடு ஒன்று கிடைத்தது. அதன் ஓர் அறைக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு பூசி, யாத்திரிகர் சுவரில் கீறி எழுதியிருந்தார்கள். பேதுருவின் வீடு இதுவே என்று அறுதியிட முடியாது. ஆனால் இதுவே அவர் வீடு என்று மிகப் பழங்காலத்திலேயே மக்கள் நம்பி வந்து போனார்கள் என்பது உறுதி. முற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகள், ஒரே வளாகத்தில் பல குடும்பங்கள்: அந்தப் பகுதி வீடுகளின் அமைப்பே அதுதான். அந்த வீடு சீமோனுடையது, அந்திரேயாவுடையது என்று மாற்கு இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதற்கும் மாமியார் அங்கே இருந்ததற்கும் இந்த அமைப்பு நன்றாக ஒத்துவருகிறது.

அழைப்பு எப்படி நடந்தது? நற்செய்தியாளர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மாற்குவிலும் மத்தேயுவிலும் இயேசு கரையோரம் நடந்துபோகிறார், கூப்பிடுகிறார், அவர்கள் அந்தக் கணமே வலையை விட்டுப் பின்செல்கிறார்கள். லூக்காவில் அதற்கு முன்பே மாமியார் குணமாகிவிட்டார். இரவெல்லாம் வெறும் வலை இழுத்தபின் படகு அமிழும் அளவுக்கு மீன் கிடைத்து, சீமோன் காலில் விழுகிறார். யோவானில் ஏரியும் இல்லை, வலையும் இல்லை. அந்திரேயா அதற்குமுன் யோவான் ஸ்நானகனின் சீடர். தன் குருவின் சொல் கேட்டு இயேசுவின் பின்னே போய், ஒரு பகல் அவரோடு தங்கி, பிறகு சகோதரர் பேதுருவைத் தேடிப் பிடித்து அழைத்துவருகிறார். மறுநாள் பிலிப்பு. பிலிப்புவுக்கும் அந்திரேயாவுக்கும் பேதுருவுக்கும் ஒரே ஊர், பெத்சாயிதா. அவர் போய் நாத்தான்வேலைக் கூட்டிவருகிறார். நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று முதலில் முகம் சுளித்தவர் நாத்தான்வேல்.

இவற்றில் எது நடந்தது என்று கேட்பவர்களுக்கு என் விடை இது. யோவான் சொல்லும் முறையே மனித நடப்புக்கு அருகில் இருக்கிறது. மாற்குவின் காட்சி அந்த நெடிய பழக்கத்தின் முடிவில் வந்த தீர்மானத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுகிறது. முன்பின் அறியாத ஒருவர் கூப்பிட்டதும் குடும்பத் தொழிலைக் கைவிட்டுப் போனார்கள் என்பதைவிட, ஸ்நானகன் வட்டத்தில் ஏற்கெனவே கேள்விப்பட்டு, பழகி, பிறகு ஒருநாள் முழுமூச்சாய் இறங்கினார்கள் என்பதே எனக்கு நம்பத்தகுந்தது. மாணவன் குருவைத் தேடுவதே அக்காலத்து யூத வழக்கம். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இளமையில் மூன்று மதப்பிரிவுகளையும் ஆராய்ந்து, பாலைவனத்தில் வாழ்ந்த பன்னுஸ் என்பவரிடம் மூன்றாண்டு தங்கியதைத் தன் வரலாற்றில் எழுதுகிறார். அந்திரேயாவும் அப்படித் தேடிப் போனவர்தான். குருவே மாணவரைத் தேர்வது பன்னிருவர் நியமனத்தில்தான் முழு உருவம் பெறுகிறது. பலர் பின்தொடர்ந்தார்கள், இயேசு மலைமேல் ஏறி, தாம் விரும்பிய சிலரை மட்டும் அழைத்துப் பன்னிரண்டு பேரை ஏற்படுத்தினார்.

அவர்கள் எதையெல்லாம் விட்டார்கள் என்பதும் சிக்கலான கேள்வி. எல்லாவற்றையும் விட்டோம் என்று பேதுரு சொல்கிறார். ஆனால் அழைப்புக்குப் பின்னும் அவர் வீடு இருக்கிறது, இயேசு அங்கே தங்குகிறார். படகும் இருக்கிறது, ஏரியைக் கடக்க உதவுகிறது. யோவானின் கடைசி அதிகாரத்தில் உயிர்த்தெழுதலுக்குப் பின் பேதுரு மீண்டும் மீன்பிடிக்கப் போகிறார். செபெதேயுவின் மனைவி மக்களோடு கூடவே வருகிறார். அரசாட்சியில் தன் பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிற தாயாக மத்தேயு அவரைக் காட்டுகிறார். மாற்குவில் பிள்ளைகளே கேட்கிறார்கள். யார் கேட்டிருந்தாலும், எருசலேமில் சிலுவையைத் தொலைவில் நின்று பார்த்த பெண்களில் அந்தத் தாயும் இருந்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். ஆக அந்த வீட்டில் தகப்பன் ஏரிக்கரையில் நிற்க, தாயும் இரு பிள்ளைகளும் பயணத்தில் இறங்கினார்கள். கைவிடப்பட்டது வருமானமும் நாளாந்த ஒழுங்கும். சொந்தபந்தம் கூடவே நடந்தது.

பன்னிருவர் பெயர்கள் நான்கு இடங்களில் பட்டியலாக வருகின்றன: மத்தேயு, மாற்கு, லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள். எல்லாவற்றிலும் பேதுரு முதலாமவர், பிலிப்பு ஐந்தாமவர், அல்பேயுவின் மகன் யாக்கோபு ஒன்பதாமவர். நான்கு நான்காக மனப்பாடம் செய்துவந்த பட்டியல் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். நடுவில் சில பெயர்கள் இடம் மாறுகின்றன. மத்தேயுவும் மாற்குவும் ததேயு என்று சொல்லும் இடத்தில், லூக்கா யாக்கோபின் மகன் யூதாவை வைக்கிறார். மாற்குவில் ஆயத்துறையிலிருந்து அழைக்கப்பட்டவர் அல்பேயுவின் மகன் லேவி. அதே கதை மத்தேயுவில் மத்தேயுவுக்கு நடக்கிறது. யோவான் நற்செய்தியில் பர்த்தொலொமேயு இல்லை, மற்ற மூன்றில் நாத்தான்வேல் இல்லை. இருவரும் ஒருவரே என்று பிற்காலத்தார் இணைத்தார்கள், அது ஊகம் மட்டுமே. பன்னிரண்டு என்ற எண் உறுதியாக நின்றது, கடைசி வரிசைப் பெயர்கள் மங்கின என்று புரிந்துகொள்வதே நேர்மை. பவுலும் உயிர்த்தெழுந்தவர் பன்னிருவருக்குத் தோன்றினார் என்று எழுதுகிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் போய்விட்ட பிறகும் அவர் சொல்லும் எண்ணிக்கை அதுதான்.

எண்ணின் காரணம் தெளிவு. இஸ்ரவேலின் கோத்திரங்கள் பன்னிரண்டு; வரப்போகும் அரசில் இவர்கள் ஆசனங்களில் வீற்றிருப்பார்கள் என்று மத்தேயுவிலும் லூக்காவிலும் வாக்கு இருக்கிறது. இங்கே ஒன்று மனத்தைத் தொடுகிறது. கோத்திரம் என்பது இரத்தவழி. அதன் அடையாளமாக நிறுத்தப்பட்டவர்களோ, எந்தக் கோத்திரத்தார் என்று எவரும் குறித்துவைக்காத கரையோர ஊர்க்காரர்கள். அவர்களுக்குள் இரண்டு ஜோடி உடன்பிறப்புகள் உறுதி. லேவிக்கும் இன்னொரு யாக்கோபுக்கும் தகப்பன் பெயர் அல்பேயு என்றிருப்பதால் மூன்றாவது ஜோடியும் இருக்கலாம்.

யூதாஸ்காரியோத்து பணப்பையை வைத்திருந்தவர் என்கிறார் யோவான். அவர் இறப்பைப் பற்றி இரண்டு செய்திகள்: மத்தேயுவில் நாண்டுகொண்டார், நடபடிகளில் நிலத்தில் தலைகீழாய் விழுந்து வயிறு வெடித்தது. இரண்டையும் ஒன்றாக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள், அந்த முயற்சிகள் எனக்கு நிறைவளிக்கவில்லை.

யூதாஸ் விட்டுப்போன இடத்தை நிரப்பியது ஆதிச்சபையின் முதல் தேர்தல். சுமார் 120 பேர் கூடியிருந்தார்கள். யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம் தொடங்கி இறுதிவரை கூடவே இருந்தவராக வேண்டும், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக வேண்டும் என்று பேதுரு தகுதி வைத்தார். இருவர் நிறுத்தப்பட்டார்கள்: யுஸ்து என்றும் பெயர்பெற்ற யோசேப்பு பர்சபா, மத்தியா. ஜெபம் செய்து சீட்டுப்போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது. அதற்குப்பின் புதிய ஏற்பாட்டில் அவர் பெயரே வருவதில்லை. தகுதியை மனிதர் பார்த்தார்கள், முடிவைக் கடவுளிடம் விட்டார்கள். யாரும் யாருக்கும் கடன்படாத தேர்வு. இதிலுள்ள நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அது மறுபடி நடக்கவில்லை. கி.பி. 44-க்குச் சற்று முன்பாக, ஏரோது அகிரிப்பா செபெதேயுவின் மகன் யாக்கோபை வாளால் கொன்றார். பன்னிருவரில் முதல் இரத்தசாட்சி அவர். அந்த இடத்துக்கு எவரையும் தேர்ந்ததாக நடபடிகள் சொல்லவில்லை. துரோகி விட்ட இடம் நிரப்பப்பட்டது. உண்மையோடு இறந்தவர் இடம் அவருடையதாகவே நின்றது. பன்னிருவர் என்பது வாரிசு வைத்து நடத்தும் பதவி அல்ல, ஒரு தலைமுறைக்கான சாட்சி என்றுதான் அந்தச் சபை கருதியிருக்கவேண்டும்.

அதற்குள் வேறு வாசல்களும் திறந்துவிட்டன. பேதுரு வைத்த தகுதி எதுவும் பவுலுக்கு இல்லை. இயேசுவோடு அவர் நடக்கவில்லை, சபையைத் துன்புறுத்தியவர், ஊர் தர்சு. தமஸ்குவில் தனக்குக் கிடைத்த வெளிப்பாட்டைக் காட்டி, மனிதரால் அல்ல, தான் கடவுளால் அப்போஸ்தலன் என்று வாதாடினார். மூன்று ஆண்டு கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினார். பின்னர் அந்தியோக்கியாவில் அதே பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். மணமாகாதவராகத் தன்னைக் காட்டிக்கொள்கிறார். கூடாரத் தொழில் செய்து, அக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியின் வீட்டில் தங்கி உழைத்தார். அவர் ஊழியமும் ஒரு வீட்டையும் ஒரு தொழிலையும் பற்றிக்கொண்டுதான் நின்றது. வீடு மட்டும் பிறருடையது. நடபடிகளையும் எழுதிய லூக்கா அவரை நிறையப் போற்றுகிறார், ஆனால் அந்த நூலின் ஒரே ஓர் அதிகாரத்தில் மட்டுமே அவரையும் பர்னபாவையும் அப்போஸ்தலர் என்று சொல்கிறார். தகுதி பற்றிய விவாதம் அப்போது ஓய்ந்திருக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரத்த உறவு இன்னொரு வாசல். ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு பன்னிருவரில் ஒருவர் அல்ல. இயேசு ஊழியம் செய்தபோது சகோதரர்கள் அவரை நம்பவுமில்லை என்கிறார் யோவான். ஆயினும் சில ஆண்டுகளில் எருசலேம் சபையின் தூண்களைப் பெயர் சொல்லும்போது பவுல் யாக்கோபையே முதலில் வைக்கிறார். கி.பி. 62-இல் பிரதான ஆசாரியர் அனனுஸ் அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்ததை யோசேப்பு பதிவுசெய்திருக்கிறார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் எழுதியதால் அதற்குத் தனி மதிப்பு. அடுத்துத் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிமியோனும் இயேசுவின் உறவினர். இன்னொரு சகோதரர் யூதாவின் பேரர்களைத் தொமித்தியன் பேரரசர் விசாரித்த கதையை எகெசிப்பு என்ற இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் சொன்னதாகச் சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு தருகிறார். தாவீதின் வம்சம் என்பதால் சந்தேகம். அவர்கள் தங்களுக்கு 9,000 தெனாரி பெறுமானமுள்ள நிலம் மட்டுமே உண்டு என்று சொல்லி, உழைத்துக் காய்த்த கைகளைக் காட்டினார்களாம். கதையில் கூட்டல் இருக்கலாம். உறவினரின் தலைமையைச் சபை மதித்தது என்பதில் ஐயமில்லை.

பெண்களின் வாசல் நெடுங்காலம் மறைக்கப்பட்டது. மகதலேனா மரியாளும், ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாவும், சூசன்னாவும் தங்கள் பொருளால் இயேசுவின் குழுவைத் தாங்கியதை லூக்கா எழுதுகிறார். பன்னிருவர் கையிருப்பில்லாமல் நடந்தார்கள் என்றால் அந்தச் செலவை ஏற்றவர்கள் இவர்கள். பேதுரு சொன்ன தகுதியின் பெரும்பகுதி, கலிலேயா தொடங்கிக் கல்லறைவரை கூடவந்த மரியாளுக்கு இருந்தது; சீட்டில் அவர் பெயர் இல்லை. 2016-இல் போப் பிரான்சிஸ் அவருடைய நினைவுநாளைத் திருவிழாவாக உயர்த்தியபோது, அப்போஸ்தலருக்கு அப்போஸ்தலர் என்ற பழைய பட்டம் மீண்டும் ஒலித்தது. ரோமர் கடிதத்தின் முடிவில் அந்திரோனிக்குவோடு பவுல் வாழ்த்தும் யூனியாவை, நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் பெண் அப்போஸ்தலராகவே புகழ்ந்தார். பின்னாளில் அந்தப் பெயரை ஆண் பெயராக்கிப் படித்தார்கள். அந்த வரியை வேறுவிதமாகக் கொள்வோர் இன்றும் உண்டு. கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கிறிசோஸ்தோமின் சாட்சியையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அந்திரோனிக்குவும் யூனியாவும் கணவன் மனைவியாக இருந்திருக்கலாம். அப்படியானால் பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன பயணத் தம்பதியரில் பெயர் தெரிந்த ஒரு ஜோடி நமக்குக் கிடைக்கிறது.

பின்னால் என்ன ஆயிற்று? இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, பேதுருவுக்கும் பிலிப்புவுக்கும் பிள்ளைகள் உண்டு, பிலிப்பு தன் பெண்களுக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார் என்று தயக்கமில்லாமல் எழுதினார். பவுலுக்கும் மனைவி உண்டு என்பது அவர் எண்ணம். அப்போஸ்தலரின் மனைவியர் பெண்கள் இருக்கும் உள்வீடுகளுக்குப் போய்ப் போதித்தார்கள் என்றார். பேதுரு தன் மனைவி கொலைக்களத்துக்கு நடத்தப்படுவதைக் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேற்றினார் என்ற மரபையும் அவரே தருகிறார். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று எழுதியவரும் அந்தப் பெயரை எழுதிவைக்கவில்லை. சில பத்தாண்டுகளில் தெர்த்துல்லியன், மணமானவர் பேதுரு ஒருவர்தான் என்கிறார். 393-இல் யொவினியான் என்பவருக்கு எதிராக எழுதிய ஜெரோம், பவுல் சொன்னது மனைவியரை அல்ல, பணிவிடைப் பெண்களை என்று வாதாடினார். பேதுருவைத் தவிர மற்றவருக்கு மனைவி இருந்ததற்குச் சான்றில்லை, இருந்திருந்தாலும் அழைப்போடு விட்டுவிட்டார்கள் என்றார். சான்று மாறவில்லை, துறவின் மதிப்பு மாறியது. ஜெரோமின் கல்வி பெரிது. இந்த இடத்தில் அவர் தன் காலத்துக் கொள்கையைப் பழைய ஏட்டுக்குள் ஏற்றிவிட்டார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தோமாவின் கதையில் இந்த மாற்றம் முழுதாகத் தெரிகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெஸ்ஸா வட்டாரத்தில் சிரியாக் மொழியில் எழுந்த தோமாவின் நடபடிகள், அப்போஸ்தலர் உலகை நாடுநாடாகப் பிரித்துச் சீட்டுப்போட்டதில் இந்தியா தோமாவுக்கு விழுந்தது என்கிறது. உடம்பில் பலமில்லை, எபிரேயனான நான் இந்தியருக்கு எப்படிப் போதிப்பேன் என்று அவர் மறுக்கிறார். இயேசுவே அவரைத் தச்சனாக ஹப்பான் என்ற வணிகனுக்கு விற்றுவிடுகிறார். அவர் சேரும் அரசன் குந்தபோரு கற்பனை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நாணயங்களும் தக்த்-இ-பாகி கல்வெட்டும் கிடைத்து, முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட உண்மை மன்னன் என்று நிலைநின்றது. அந்த நூலின் தோமா போகிற இடமெல்லாம் கணவன் மனைவியரைப் பிரம்மச்சரியத்துக்குத் திருப்புகிறார். மனைவியோடு ஊர்போன கேபாவின் உலகம் அங்கே இல்லை.

தெற்கே மரபு வேறு வழியில் போயிற்று. தோமா கி.பி. 52-இல் கொடுங்கல்லூர் வந்ததாகவும் மயிலாப்பூரில் இறந்ததாகவும் கேரளக் கிறிஸ்தவர் வழிவழியாகச் சொல்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சோழமண்டலக் கரையில் அவர் கல்லறையைப் பற்றி எழுதினார். 1523-இல் போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் தோண்டினார்கள். 1547-இல் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துள்ள கற்சிலுவை கிடைத்தது. இவை எதுவும் முதல் நூற்றாண்டை நிறுவவில்லை. பாரசீகத்தோடு தொடர்புடைய ஒரு பழைய சமூகம் இந்தக் கரையில் வாழ்ந்ததை அந்தச் சிலுவை காட்டுகிறது. அந்தச் சமூகம் தன் தலைமையைத் தேர்ந்த முறை, வீட்டையும் அழைப்பையும் பற்றிய இந்தக் கேள்விக்கு நேராக வந்து சேர்கிறது. தோமாவிடமே குருப்பட்டம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் பகலோமற்றம் குடும்பத்தில் அர்க்கதியாக்கோன் என்ற தலைமைத் தொண்டர் பதவி மாமனிடமிருந்து மருமகனுக்குப் போயிற்று. 1653 ஜனவரி 3-இல் மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசிய இயேசு சபையாரின் அதிகாரத்தை மறுத்துக் கூனன் சிலுவைச் சத்தியம் செய்தார்கள். தங்களுக்கு ஆயர் இல்லாத நிலையில், அதே ஆண்டு ஆலங்காட்டில் கூடி, அந்தக் குடும்பத்து அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமேல் பன்னிரண்டு குருக்கள் கைவைத்து, அவரை முதலாம் மார் தோமாவாக நியமித்தார்கள். அவருக்குப் பின்னும் பல தலைமுறை அந்த வீட்டிலிருந்தே மார் தோமாக்கள் வந்தார்கள்.